ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஊரில் ஞாயிறு பட்டறை: நிதி எங்கே கேட்கலாம், எதற்குக் கேட்கலாம்?

#1 கரிசல்காட்டான் (எட்டயபுரம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. 2006இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் நூலகமும் விளையாட்டுத் திடலும் போட்டார்கள், நினைவிருக்கும். எங்கள் நூலகத்தில் இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டைதான் இருக்கிறது. சாவி ஊராட்சிச் செயலரிடம்.

ஊரில் கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர். தையல் மெஷினைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்த அக்கா ஒருவர். பனையோலைப் பெட்டி முடையும் ஆச்சி ஒருவர், அவருக்குப் பிறகு அந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. பவர் ஸ்பிரேயர் சரிசெய்யும் பையன் பக்கத்து ஊர்.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், வாரம் ஒருவர் தன் வேலையைச் சொல்லிக்கொடுப்பது. ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். சங்கம், அறக்கட்டளை எதுவும் எங்களிடம் இல்லை. ஐம்பதாயிரம் இருந்தால் தாராளம்.

கேள்வி இரண்டு. இந்த அளவுப் பணத்தை யாரிடம் கேட்பது? வாங்கினால் எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது?

#2 பேரேடு (ஓய்வு, ஊராட்சி ஒன்றியக் கணக்குப் பிரிவு)

தம்பி, முதலில் எது கிடைக்காது என்று சொல்லிவிடுகிறேன், அலைச்சல் மிச்சம்.

எல்லாரும் சொல்லப்போவது ‘நமக்கு நாமே’. 1997இல் வந்தது, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. பொது விதி, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். பள்ளிச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுப் பாதை, குளம் தூர்வாருதல், சமுதாயக்கூடம் என்று எத்தனையோ அதில் நடந்திருக்கிறது. ஆனால் அது சொத்து உருவாக்கும் நிதி. மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளர் வருவார், அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார். காயில் கட்டச் சொல்லிக்கொடுப்பதை எந்த அளவுப் புத்தகத்தில் ஏற்றுவது? நூலகத்துக்குக் கூரை ஒழுகினால் அதற்குப் போங்கள், பட்டறைக்குப் போகாதீர்கள். எம்எல்ஏ நிதிக்கும் இதே கதைதான்.

அடுத்து கம்பெனிக்காரர்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காட்டும் கம்பெனிகள், மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவழிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் கம்பெனிக்கா குறைச்சல் என்று தோன்றும். ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்புக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். அதற்கு வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) என்ற பதிவு இரண்டும் வேண்டும். கம்பெனியே தொடங்காத வெளி அமைப்பு என்றால் மூன்று ஆண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். நாலைந்து பேர் திண்ணையில் பேசி வைத்ததை அவர்களிடம் கொண்டுபோக முடியாது. பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றின் நிழலில் போகலாம். நிழலுக்கு வாடகை உண்டு.

#3 தொலைதூரத்தான் (நியூ ஜெர்சி)

இங்கே ‘ஆசம் ஃபவுண்டேஷன்’ என்று ஒன்று உண்டு. 2009இல் பாஸ்டனில் தொடங்கியது. ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நூறு டாலர் போடுவார்கள். மாதம் ஒரு யோசனையைத் தேர்ந்தெடுத்து ஆயிரம் டாலரை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அறிக்கை கிடையாது, பங்கு கிடையாது, ‘எங்கள் பெயரைப் போடு’ கிடையாது. விண்ணப்பம் சில பத்திகள்தான். உங்கள் தேவைக்குக் கச்சிதமாக இருக்குமே? விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.

#4 ரசீதுப்புத்தகம் (சென்னை, தணிக்கை அலுவலகம்)

அண்ணா, நல்ல மனசு, ஆனால் அவரை மாட்டிவிட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சமூக, கல்வி, பண்பாட்டு வேலைக்கென்று வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தொகை ஆயிரம் டாலர்தானே என்று சட்டம் பார்க்காது. பதிவு வேண்டுமென்றால் அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும். 50,000 ரூபாய் வாங்க 15 லட்சம் செலவழித்த கணக்கு!

சரி, பதிவு உள்ள பெரிய நிறுவனம் வாங்கி இவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்றால், 2020 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கோ ஆளுக்கோ மாற்றிவிட முடியாது. அதற்கு முன்பு சின்னக் குழுக்கள் பலவும் அந்த வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள்.

ஒரு வழி திறந்திருக்கிறது, நம் ஊர்களுக்கு அது பெரிய வழி. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக முறைப்படி அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு என்ற கணக்கில் வராது. துபாயில் வெல்டிங் பார்க்கும் உங்கள் ஊர்க்காரர் அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வெளிநாட்டு மூலம்தான், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தாலும். அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல் ஒன்றை வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள்.

#5 தொலைதூரத்தான்

ஐயையோ. நான் பச்சை அட்டைதான், பாஸ்போர்ட் இன்னும் நம்ம ஊர்தான். அப்படியென்றால் என் பங்கு ஐயாயிரம் எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம்.

#6 மணிமேடை (நாகர்கோவில்)

நிதி, சட்டம் என்று நூல் பிடித்துக்கொண்டே போகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். தெரிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க எதற்கு ஐம்பதாயிரம்?

புதுக்கோட்டையில் 1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஒரு பைசா வாங்காமல் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதில் சேர்த்தார். கல்குவாரிப் பெண்கள், வயல் வேலைக்காரப் பெண்கள் என்று மாவட்டம் முழுக்க சைக்கிள் பழகினார்கள். சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் அண்ணனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோதான். யாருக்கு மதிப்பூதியம் கொடுத்தார்கள்? காசு உள்ளே வந்தால் அடுத்த வாரம் ‘எனக்கு ஏன் முந்நூறு, அவனுக்கு ஏன் ஐந்நூறு’ என்று தொடங்கும்.

#7 மல்லிகைப்பந்தல் (திண்டுக்கல் மாவட்டம், சுய உதவிக் குழுப் பயிற்றுநர்)

மணிமேடை சார், அறிவொளியில் எங்கள் அம்மா தொண்டர். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தார், ராத்திரி ஒரு மணி நேரம் போனால் அவர் பிழைப்பு கெடவில்லை. காயில் கட்டும் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தொழில். சம்சாரிகள் (விவசாயிகள்) வீட்டில் இருக்கும் நாள், மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் நாள். அந்தக் காலைப் பொழுதை இவர்களுக்குக் கொடுத்தால் அவருக்கு ஒரு மோட்டார் போச்சு. படித்த தொண்டரின் நேரத்தையும் கைத்தொழிலாளியின் நேரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அதோடு, தொண்டர் என்றால் பணமே கூடாது என்று அரசே நினைப்பதில்லை. 2021இல் தொடங்கிய, ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் ‘சும்மா ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள்’ என்ற பேச்சை வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் அடைத்தது. எங்கள் பகுதியில் பல மருமகள்கள் வெளியே வந்தது அப்படித்தான்.

கரிசல்காட்டான் தம்பிக்கு: சுய உதவிக் குழுக்கள் பக்கம் போய்க் கேளுங்கள். உங்கள் ஊராட்சியில் அந்தக் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கும். அதன் தலைவியிடம் பேசுங்கள். வாழ்ந்து காட்டுவோம் என்ற அரசின் ஊரகத் தொழில் திட்டத்தில் ‘சமுதாயத் திறன் பள்ளி’ என்றே ஒன்று நடத்தினார்கள். உள்ளூரில் தொழில் தெரிந்த ஆளையே பயிற்றுநராக வைத்து, அவர் வேலை செய்யும் இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. விவசாயத்துக்கு ‘சமுதாயப் பண்ணைப் பள்ளி’. நீங்கள் நினைப்பதற்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஊரிலும் நடக்கவில்லை, 26 மாவட்டங்களில் 120 வட்டாரங்கள்தான். உங்கள் வட்டாரம் அதில் இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்திருந்தால் ஏற்கெனவே பயிற்சி எடுத்த பயிற்றுநரே ஊரில் இருக்கக்கூடும்.

அப்புறம் ஒன்று. ஞாயிறு காலை என்று போட்டிருக்கிறீர்கள். ஞாயிறு காலையில் எந்தப் பெண் வருவாள்? கறி எடுக்கும் நாள், துணி துவைக்கும் நாள், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றும் நாள். தையல் மெஷின் அக்காவும் ஓலைப்பெட்டி ஆச்சியும் வரும் வாரத்தை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றுங்கள்.

#8 கரிசல்காட்டான்

அக்கா, நேரத்தைப் பற்றி நாங்கள் நாலைந்து பேரும் யோசிக்கவே இல்லை, எல்லாரும் ஆண்கள். மூன்று மணிக்கு மாற்றிவிடுகிறோம். வட்டாரம் பற்றி நாளை கேட்டுச் சொல்கிறேன்.

காயில் அண்ணன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அவரிடம் பேசினேன். “சொல்லிக்கொடுக்கிறதுல ஒண்ணும் இல்லப்பா, நாளைக்கு அவனவன் கட்டிக்கிட்டா நான் எங்க போறது?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

#9 மூணுபேஸ் (இராஜபாளையம்)

அவர் பயம் நியாயம், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. இருபது ஆண்டாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காயில் கட்டுவதை இரண்டு மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. பழைய காயிலை அறுக்கும்போதே சுற்று எண்ணணும், கம்பி என்ன கேஜ் என்று பார்க்கணும், ஸ்லாட்டுக்கு ஸ்லாட் பேப்பர் வெட்டி வைக்கணும், கட்டி முடித்து வார்னிஷ் விட்டுக் காய வைக்கணும். ஒரு சுற்று குறைந்தாலும் சூடேறும். பையன் ஒருத்தன் கடையில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால்தான் கை பழகும். ஆகவே அந்த ரகசியம் பட்டறையில் போய்விடாது.

சொல்லிக்கொடுக்க வேண்டியது மோட்டார் ஏன் எரிகிறது என்பதை. தண்ணீர் இறங்கியது தெரியாமல் ஓட்டுவது, மூன்று பேஸில் ஒன்று போனதும் கவனிக்காமல் விடுவது, ஓல்டேஜ் இல்லாத நேரத்தில் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப அமுக்குவது, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்ட் கருகிக் கிடப்பது. ஓவர்லோட் ரிலே (மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் தானே நிறுத்திக் காப்பாற்றுவது) அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதைத் திருகி ஏற்றிவிடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இதைச் சொன்னால் அண்ணனுக்கு வேலை குறையுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பட்டறையில் பார்த்த ஆள் அடுத்த தடவை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இவரிடம்தான் வருவான். எனக்கு அப்படித்தான் நடந்தது, ஒரு பள்ளியில் பேசப்போய்.

வீட்டு ஃபேன் நல்ல ஆரம்பம். ‘மெதுவா சுத்துது, காயில் போச்சு’ என்று கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் கண்டென்சர்தான். 2.5 மைக்ரோஃபாரட், விலை நூறு ரூபாய்க்குள். ஸ்டூல் போட்டு ஏறி, மெயினை அணைத்து, மேல் கப்பை இறக்கினால் இரண்டு ஒயர். ஒரு பெண் தன் வீட்டு ஃபேனுக்குத் தானே மாற்றிவிட்டால் அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். பழைய ஃபேன் இரண்டை வாங்கி மேஜையில் வைத்துக் கழற்றுங்கள், மேலே தொங்குவதில் வேண்டாம். மூன்று பேஸில் உயிரோடு எதையும் காட்ட வேண்டாம், 415 ஓல்ட். மின்சாரம் இணைக்காத பெட்டியை வைத்துக் காட்டினால் போதும்.

#10 மணிமேடை

சரி, கூலி விஷயத்தில் மல்லிகைப்பந்தல் அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே தொகை. ஆச்சிக்கும் அதே, மோட்டார் அண்ணனுக்கும் அதே. இதில் நான் இறங்கமாட்டேன்.

#11 பேரேடு

அதுதான் சரி. ஓலைப்பெட்டி மலிவு, மோட்டார் உசத்தி என்று பிரித்தால் முதல் மாதத்திலேயே ஆச்சி வரமாட்டார்.

#12 பெயர் வேண்டாம்

கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது?

#13 கரிசல்காட்டான்

கேள்வி புரிகிறது. நூலகம் பெரிய தெருவை ஒட்டி. காலனியிலிருந்து வர கோயில் முன்னால் சுற்றி வர வேண்டும். தடை எதுவும் இல்லை, ஆனால் பழக்கமும் இல்லை. ஸ்பிரேயர் சரிசெய்யும் தம்பி பக்கத்து ஊர்க் காலனிதான். அவரிடம் முதலில் கேட்டபோது ‘அங்கயா?’ என்று மட்டும் கேட்டார்.

#14 பெயர் வேண்டாம்

பதில் அதிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் இதே மாதிரி நிதி வாங்கி ஒரு கணினிப் பயிற்சி நடத்தினார்கள். ‘அனைவரும் வருக’ என்று பேனர் வைத்தார்கள். கடைசி வரை ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும்தான் வந்தார்கள். அறிக்கையில் ‘கிராம இளைஞர்கள் பயனடைந்தனர்’ என்று போனது. அது பொய்யும் இல்லை.

ரேஷன் கடை முன்னால் போடுங்கள். எல்லாத் தெருவும் பை தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் இடம் ஊரில் அது ஒன்றுதான். நிதி கொடுக்கிறவரும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்காமல் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒருத்தரும் கேட்பதில்லை.

#15 மல்லிகைப்பந்தல்

ரேஷன் கடைக்கு என் ஓட்டும். கடைக்கு லீவு இருக்கும் ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விற்பனையாளர் சண்டைக்கு வருவார். பந்தல் நிழலுக்கு ஒரு தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. கட்டடம் இல்லாமலே தொடங்கலாம்.

#16 மொய்க்கணக்கு (பேராவூரணிப் பக்கம்)

வெளிநாட்டு நிதி, கம்பெனி நிதி என்று பேசுகிறீர்கள், நம்ம ஊர் முறை ஒன்று இருக்கிறதே. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். வந்த பணம் வட்டியில்லாத கடன் மாதிரி, அவரவர் விருந்து வைக்கும்போது திரும்பிப் போகும். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் சுத்தமாக இருக்கும். 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு அது ஆட்டம் கண்டது, ஆனாலும் முறை நிற்கவில்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 2010 முதல் கிட்டத்தட்ட இதையே பொதுக்காரியத்துக்கு வைத்தார்கள், ‘டெட்ராய்ட் சூப்’ என்று. வாசலில் ஐந்து டாலர் கொடுத்து உள்ளே போனால் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். நாலு பேர் ஆளுக்கு நாலு நிமிடம் தங்கள் யோசனையைச் சொல்வார்கள். கூட்டம் நாலு கேள்வி கேட்கும். சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடுவார்கள், ஜெயித்தவருக்கு அன்றைய வாசல் பணம் மொத்தமும். என்ன பிரமாதம்! வக்கீல் இல்லை, 12ஏ இல்லை.

நம் ஊரில் வைத்தால் ஒரு கலம் சாம்பார் சாதம் போதும். கஜாவுக்கு அடுத்த ஆண்டு எங்கள் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் கையிலிருந்து போட்ட பணத்தில்தான்.

#17 பேரேடு

மொய் விருந்தில் ஒரு எச்சரிக்கை. மொய் திரும்பித் தரவேண்டிய பணம். பட்டறைக்கு வாங்குவது நன்கொடை. ஒரே நோட்டில் இரண்டையும் எழுதாதீர்கள். ‘போன ஆடிக்கு ஐந்நூறு போட்டேனே’ என்று நாளைக்கு ஒருவர் வந்து நிற்பார்.

#18 வல்லைவெளி (யாழ்ப்பாணம்)

இஞ்சையிருந்து வாசிக்கிறன், எங்கள் பக்கக் கதையையும் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையம் என்று ஒன்று அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். பழைய ஆக்கள் வாசிகசாலை என்பினம். பிரதேச சபையில் பதிவு, ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, நிர்வாகத் தெரிவு எல்லாம் ஒழுங்காக நடக்கும். பத்திரிகை எடுக்கச் சபை சிறு உதவி செய்யும். அதோடு கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம். சின்ன வீதி, மதகு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதும் உண்டு. ஆகவே அமைப்பு இல்லை என்ற பிரச்சினை எங்களுக்கு இல்லை.

எங்கள் பிரச்சினை வேறு. காசு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும், ஊர்ச் சங்கங்கள் சேர்த்து அனுப்பும். ஆனால் மண்டபம் கட்ட வரும், வளைவு கட்ட வரும், பெயர்க்கல் வைக்கிற எதற்கும் வரும். தையல் பழக்கும் அக்காவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் வராது. போன வருசம் எங்கள் நிலையத்தில் இரண்டாம் மாடி போட்டாச்சு. மேலே ஏறுகிறதற்கு ஆள் இல்லை.

கரிசல்காட்டான் தம்பி, உங்களிடம் கட்டடம் இல்லாதது நல்லதுக்கென்று வையுங்கோ. அந்த ஆச்சியின் பனையோலை வேலையை மட்டும் பிந்தவிட வேண்டாம். இஞ்சை 1978இல் பனை அபிவிருத்திச் சபை என்று அரசாங்கமே ஒன்றைத் தொடக்கியது. அதனால் ஓலை வேலை பழக்க இன்னும் ஆட்கள் இருக்கினம். முதல் வாரமே ஆச்சியை இருத்துங்கோ.

#19 ரசீதுப்புத்தகம்

பணம் வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சின்னக் குழுக்கள் நொந்துபோகின்றன.

ஒரு குழுவுக்கு நான் கணக்குப் பார்த்தேன், கொடுத்தவர் பெயர் வேண்டாம். நிதி நாற்பதாயிரம். அதில் லோகோ போட்ட பேனர் நிகழ்ச்சிக்கு ஒன்று, கட்டாயம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடக்குறிப்போடு புகைப்படம், வந்தவர்கள் ஆதார் எண்ணோடு கையெழுத்து. ஆதார் எண் என்றதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடு வாங்கக் கடன் என்று எவனோ கையெழுத்து வாங்கி ஏமாற்றிய ஊர் அது. கடைசித் தவணை மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வந்தது, 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்று. ஒரே வாரத்தில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்? பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள்.

ஆகவே பணத்தை ஏற்றுக்கொள்ளும் முன் கேளுங்கள்: கூலிக்குச் செலவழிக்கலாமா, டீக்குச் செலவழிக்கலாமா, பில் தராத கடைக்கு வவுச்சர் செல்லுமா, ஆண்டு தாண்டினால் மீதி என்ன ஆகும். முதல் இரண்டுக்கு ‘இல்லை’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டறையின் செலவே அது இரண்டும்தான்.

உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். தீர்மான நோட்டு ஒன்று, யார் யார் இருந்தார்கள், என்ன முடிவு என்று. ரொக்கப் புத்தகம் ஒன்று. கூலி கொடுத்தால் வவுச்சரில் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் ஒரே ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். பணத்தை ஒருவர் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இரண்டு பேர் கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதை இதற்கு மட்டும் வையுங்கள்.

#20 பேரேடு

சங்கமாகப் பதிய வேண்டுமா என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம், பதிவது கஷ்டமில்லை. ஒவ்வோர் ஆண்டும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வதுதான் கஷ்டம். இரண்டு ஆண்டு விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு ஓடிவரும் இளைஞர் மன்றங்களை எத்தனை பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் நடத்துங்கள், ஆள் நிற்கிறதா பாருங்கள். அதன் பிறகு பதிந்தால் போதும்.

#21 கரிசல்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இங்கே வந்ததை ஊரில் உட்கார்ந்து பேசினோம். திருத்திய கணக்கு இது, குறை இருந்தால் கிழியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு மாதத்தில் 12 வகுப்பு. சொல்லிக்கொடுப்பவருக்கு யாராக இருந்தாலும் 800. அது 9,600. டீ, வடை, ஒரு வகுப்புக்கு 400 என்று 4,800. பொருள்களுக்கு 7,000: பழைய ஃபேன் இரண்டு, கண்டென்சர், டெஸ்டர், மல்டிமீட்டர், மெஷின் ஆயில், பாபின் கேஸ், ஆச்சிக்குக் குருத்தோலையும் சாயமும். தார்ப்பாய், பெஞ்சு 5,000. பக்கத்து ஊரிலிருந்து வருபவர்களுக்குப் பெட்ரோல் 1,500. கைக்காவலாக 2,000. மொத்தம் 29,900. ஐம்பதாயிரம் தேவையே இல்லை.

அமெரிக்க அண்ணன் 5,000. துபாயில் இருக்கும் ஊர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து 9,000 சொல்லியிருக்கிறார்கள், மூவரும் இந்தியப் பாஸ்போர்ட். மீதிக்கு ஒரு சாப்பாட்டுக் கூட்டம் வைக்கிறோம், ஆளுக்கு ஐம்பது ரூபாய், மொய் நோட்டு இல்லை. அங்கேயே முதல் நாலு வகுப்பு எதுவென்று ஊர் ஓட்டுப் போடட்டும். ஆச்சி மட்டும் ஓட்டுக்கு வெளியே, அவர் முதல் வாரம்.

காயில் அண்ணனிடம் மூணுபேஸ் எழுதியதை வாசித்துக் காட்டினேன். “எரியறதுக்குக் காரணம் சொல்றேன், சுத்து எண்ணிக்கை சொல்லமாட்டேன்” என்று ஒத்துக்கொண்டார். ஸ்பிரேயர் தம்பி ரேஷன் கடை என்றால் வருகிறேன் என்கிறார்.

#22 மல்லிகைப்பந்தல்

கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். 200 போடுங்கள். டீயில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

#23 மூணுபேஸ்

மல்டிமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று முதல் நாளே எரியும்.

#24 கரிசல்காட்டான்

அக்கா, சேர்த்துவிட்டேன். பேரேடு சார், மழைக்காலம் வந்தால் தார்ப்பாய் தாங்காது. நூலகச் சாவியையும் முறைப்படி கேட்டுவைக்க நினைக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கலாமா? செயலரிடம் வாய் வார்த்தையாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார்.

#25 பேரேடு

வையுங்கள். வாய் வார்த்தை வேண்டாம், மனுவாக எழுதி முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள், அப்போதுதான் பொருள் பட்டியலில் ஏறும். கட்டடத்தை ‘ஒப்படைக்க’ என்று எழுதாதீர்கள், சட்டச் சிக்கல் என்று திருப்பிவிடுவார்கள். ‘ஊராட்சிக்குச் சொந்தமான நூலகக் கட்டடத்தை, அனைத்துத் தெரு மக்களும் பங்கேற்கும் கைத்தொழில் பயிற்சிக்காக, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 2 முதல் 6 மணி வரை கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தும், மின் கட்டணத்தை ஊராட்சியே ஏற்றும் தீர்மானிக்கப்படுகிறது’ என்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘அனைத்துத் தெரு’ என்பதை யாராவது எடுக்கச் சொன்னால் விடாதீர்கள். தீர்மானம் பதிவான பக்கத்தை அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையை எங்கே மாற்றுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் அதையே காரணம் காட்டுவார்கள்.